திஸ்கியில் கிடந்த கதைகள்

ரெங்கம் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஒட்டுக்கடை. 2019இல் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சார் கேட்டார். "தம்பி, நீ லினக்ஸ் என்னமோ படிக்கிறியாமே? நம்ம பழைய இணையப் பக்கத்துல கதையெல்லாம் ஒன்னும் தொறக்க மாட்டேங்குது. பாத்துக் குடுக்க முடியுமா?"

சார் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2000களின் தொடக்கத்தில் அவரும் அவர் நண்பர்களும் எழுதிய தோட்டத்துக் கதைகள், மொத்தம் 43 கோப்புகள், வாடகை இடம் ஒன்றில் கிடந்தன. அந்த மாதக் கடைசியோடு வாடகை முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை.

அப்போது நான் இருப்பதிலேயே மலிவான சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து உபுண்டு பழகிக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். மவுசுக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு கோப்பையும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. துரை, கிராணி, ஆள்கள் என்று பிரிந்த இடத்தில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

43 கோப்புகளையும் என் சர்வருக்கு இழுத்துக்கொண்டேன். ஒன்றைத் திறந்தேன். கேள்விக்குறிகளும், தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் வரிசை வரிசையாக நின்றன.

இது ஏன் இப்படி ஆனது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். ஆனால் அன்றைய எட்டு பிட் முறையில் மொத்தமே 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட, மிச்சத்தில் தமிழை அடுக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ணு' வைத்திருப்பார். எழுத்துரு கூடவே வராவிட்டால் கடிதம் குப்பை.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு நடந்தது. அந்த ஆண்டுகளில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் மாதக்கணக்காகச் சண்டை போட்டு ஒரு பொது அடுக்கை உருவாக்கினார்கள். அதுதான் திஸ்கி. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல அதில்தான் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது. அரசு முத்திரை இவற்றுக்குத்தான். திஸ்கி ஊர் கூடிப் போட்ட பாதை மாதிரி.

இத்தனைக்கும் யூனிகோடு முதல் பதிப்பு 1991 அக்டோபரிலேயே தமிழோடு வந்துவிட்டது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். இரண்டும் நம் புழக்கத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

சார் கதைகள் திஸ்கி என்பதை அவர் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரை வைத்துக் கண்டுபிடித்தேன். மாற்றியை எங்கே தேடுவது என்று திகைத்தபோதுதான், சர்வரிலேயே இருக்கும் ஐகான்வி என்ற கட்டளை கண்ணில் பட்டது. உலகத்து எழுத்துக் குறியீடுகளின் பட்டியல் ஒன்று அதில் ஓடியது. நடுவே திஸ்கி! லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சிக்குள் அந்த மாற்றியை 2002இல் எழுதிச் சேர்த்தவர் புரூனோ ஹைபிள். டாம், டாப் இரண்டையும் அந்தப் பட்டியலில் தேடினேன். இல்லை. முத்திரை இல்லாதது தங்கிவிட்டது. அரசாணை போட்டது வெளியே நின்றது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

அந்த மாற்றி செய்வது சின்ன வேலையில்லை. திஸ்கியில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னால், 'க' பின்னால். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கு' திஸ்கியில் ஒரே பைட், யூடிஎப்-8இல் ஆறு பைட். முதல் கோப்பை மாற்றி வேறு பெயரில் சேமித்தேன். கறுப்புத் திரையில் "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று தமிழ் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த உற்சாகத்தில் செய்த காரியம் இது. அடுத்த 11 கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற ஒரு சுழற்சி எழுதினேன். புதுப் பெயர் எதற்கு என்று, விடையையும் அதே கோப்பிலேயே கொட்டச் சொன்னேன். கொட்டச் சொல்லும் அம்புக்குறியைப் பார்த்ததும் ஷெல் முதலில் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். பிறகுதான் கட்டளையைக் கூப்பிடும். ஐகான்வி வந்து பார்த்தபோது படிக்க ஒன்றுமில்லை. காலியை வாங்கிக் காலியைக் கொடுத்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. பட்டியலைப் பார்த்தால் பதினொன்றுக்கும் அளவு 0. பழைய இடத்துக்கு ஓடினேன். தேதி மூன்று நாள் தாண்டியிருந்தது. கதவு மூடியாகிவிட்டது. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறது. படித்துமிருந்தேன்.

சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். பட்டியலை வாங்கி விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல ஏழு என்னோடது. பேப்பர்ல இருக்கு, திரும்பத் தட்டிக்கலாம். இந்த நாலு..." நிறுத்தினார். பால்மரம் வெட்டிக்கொண்டே எழுதிய நண்பருடையவை அவை. அவர் காலமாகி ஆறு வருடம்.

"கதை ஞாபகம் இருக்கு தம்பி. அவன் எழுதுன மாதிரி வராது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சம் 31 கோப்புகள். இந்த முறை மூன்று இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் தொட்டேன். 25 ஒழுங்காக மாறின. கடைசி ஆறில் ஐகான்வி பாதியிலேயே நின்றது. அவை திஸ்கியே இல்லை, ஏதோ ஓர் எழுத்துருவின் தனி அடுக்கு. அந்தக் குப்பை வரிகளை அப்படியே அச்செடுத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போனேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் கதை அவருடையது. முதல் வரி அவருக்கு மனப்பாடம். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, கீழே இருந்த குறியின் எண்ணை நான் எழுதிக்கொண்டே வந்தேன். மதியத்துக்குள் உயிர்மெய்யில் பாதி கிடைத்தது. 'ஞ' வரும் ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வந்து, மேசையைத் துடைக்கணும், தாளை எடுங்க என்றார்.