சீனத்துக் கல்லறைப் பாண்டமும் நம் வீட்டுச் சீனபரணியும்

மலையாள நாட்டில் குடியிருக்கிற தமிழர் நமக்குச் சீனபரணி, சீனச்சட்டி, சீனவலை எல்லாம் பழகின பேர்கள். ஆனால் சீனத்தார் இறந்தோருக்கென்றே ஒருவகைப் பளபளப்பு மட்பாண்டம் செய்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹான் அரசர் காலத்தில் (கி.மு. 206 - கி.பி. 220) அடுப்பு, கிணறு, களஞ்சியம், பன்றித்தொழுவம் எனச் சிறு உருக்கள் செய்து, ஈயம் கலந்த பச்சை மெருகு பூசிக் கல்லறையில் வைத்தார்கள். தாங் காலத்தில் (618-907) குதிரையும் ஒட்டகமும் பல நிறத்தில் வந்தன. பச்சைக்குச் செம்பு, மஞ்சள் பழுப்புக்கு இரும்பு, நீலத்துக்குக் கோபால்ட். ஈய மெருகுப் பாத்திரத்தில் புளிப்பு வைத்தால் விஷம் இறங்கும், சமையலுக்கு ஆகாது. நம் முதுமக்கள் தாழிக்கும் கேரளத்து நன்னங்காடிக்கும் இந்த மெருகு கிடையாது. ஆனாலும் இறந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பக்கம் ரயில் பாதைக்கு மண் வெட்டினபோது பழைய கல்லறைகள் திறந்துகொண்டன. மேல்நாட்டார் விரும்பி வாங்கினார்கள். விலை ஏற ஏறக் கல்லறைத் திருட்டும் பெருகியது, போலியும் பெருகியது. வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்தால் பாண்டம் சுட்ட காலம் ஏறத்தாழத் தெரியும். யார் கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது.

நம் கரைக்கு வந்த சரக்கு வேறு. அது கடுஞ்சூட்டில் சுட்ட, புழங்குவதற்கான பாண்டம். ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் கிடைத்தன. முறைப்படி தோண்டியதால், எந்த ஓடு எந்த அடுக்கில் இருந்தது என்று பதிவாயிற்று. 2014-இல் கொல்லம் துறைமுகத்தை ஆழப்படுத்தினபோதும் சீனக் காசும் ஓடும் வந்தன. ஆனால் இயந்திரம் வாரிப்போட்ட மண்ணில் மேல் எது, கீழ் எது? கல்லறைத் திருடன் செய்ததும் இதுதான். இங்கே திருட்டு இல்லை, நஷ்டம் மட்டும் அதே.

சரக்கு இருந்து பட்டியல் இல்லை என்றால் கடைக்காரனுக்கே கணக்கு பிடிபடாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்குள்ள சீன ஜாடிகளை நின்று பாருங்கள். உங்கள் வீட்டிலும் பழைய பரணி இருந்தால், எந்த ஊரிலிருந்து, யார் காலத்தில் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். பழம்பொருள்காரர் பரணிக்கு விலை தருவார். அந்தத் தாளை எழுத நம்மைவிட்டால் ஆள் இல்லை.