செங்கல் சுவரும் வெள்ள ஈரமும்

வெள்ளத்தின் வரலாற்றை எழுதுவோர் ஆறு பெருகிய உயரத்தையும் அழிவின் அளவையும் குறிப்பர். நீர் வடிந்த பின் வீட்டுச் சுவரில் தங்கும் ஈரத்தைக் குறிப்போர் குறைவு. கோலாலம்பூரில் அவ்வீரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

1881இல் அந்நகர் தீயாலும், அதே ஆண்டில் வெள்ளத்தாலும் பாழுற்றது. அந்நாளைய கட்டடங்கள் பெரும்பாலும் மரமும் மண்ணும் அத்தாப்பு ஓலையுமாக இருந்தன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பணித்தார். சூளைகள் எழுந்த இடமே, பிற்காலத்தில் தமிழர் பெருகி வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. செங்கல் நகரைத் தீயினின்று காத்தது, நீரினின்று காக்கவில்லை.

1926இலும் 1971 ஜனவரியிலும் பெருவெள்ளம் வந்தது. பின்னதைத் தேசியப் பேரிடர் எனப் பிரதமர் துன் அப்துல் ரசாக் அறிவித்தார். அதன்பின் ஆறுகள் அகலப்படுத்தப்பட்டன. 2007இல் திறக்கப்பெற்ற 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம், கிள்ளான் ஆற்றின் மிகைநீரை நகருக்கு அடியே கொண்டுசென்று கெராயோங் ஆற்றில் சேர்க்கிறது. அவ்வாறு செராஸ் பக்கமாக ஓடிவருவது. ஆயினும், செராசின் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் தாமான்களாக மாறியபோது, மழையை உறிஞ்சிய மண் தாருக்கும் சிமெண்டுக்கும் அடியில் மறைந்தது. திடீர் வெள்ளம் நின்றபாடில்லை.

மலாய்க் கம்பத்து மரவீடு தூண்கள்மீது நின்றது. நீர் வடிந்ததும் தரைப்பலகையின் அடியில் காற்று உலவிற்று. தரையோடு அமைந்த செங்கல் வீட்டிற்கு அவ்வாய்ப்பு இல்லை. செங்கல்லின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி, வெள்ளம் எட்டிய உயரத்திற்கும் மேலே ஏற்றுகின்றன. அந்நீரை ஏற்கக் காற்றில் இடம் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றிலோ ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டளவில் நிற்கிறது. ஆகவே ஓரிரு நாளில் பூஞ்சணம் படர்கிறது. சுவர் உலர்வதற்கோ பல வாரங்கள், சிலவேளை மாதங்களும் ஆகின்றன.

2021 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா வீதிகளில் நனைந்த மெத்தைகள் குவிந்தன. அவற்றை அகற்றிச் சேற்றைக் கழுவுதல் முதற்பணி. வெயில் ஏறிய நண்பகலில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றாடியை ஓடவிடுதல் அடுத்தது. மழையிலும் இரவிலும் திறந்துவைத்தால் ஈரமே உட்புகும். பொங்கலுக்கு முன் வீட்டை அழகுபடுத்த எண்ணி ஈரச் சுவரில் சாயம் பூசுவது வீண்செலவு. உள்ளே சிறைப்பட்ட நீர் சாயத்தைக் கொப்புளிக்கச் செய்து உதிர்த்துவிடும்.

ஆறு ஒரே நாளில் வடியலாம். வீடு அவ்வாறு வடிவதில்லை. தெருவில் நீர் வற்றியதும் துயரும் தீர்ந்ததெனக் கருதாமல், சுவர் உலரும்வரை உடன் நிற்பதே முழுமையான உதவியாகும்.