கை மறுவாழ்வில் விருப்பத் தொழில்கள்: வேலூர் அனுபவமும் அந்தமான் சூழலும்

1. ஆய்வுப் பொருள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் உள்ளது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே அங்கிருந்து 500 கி.மீ.க்கும் அப்பால். கையில் அறுவை முடிந்தவர் கப்பலேறி ஊர் போய்விட்டால், அன்றாடம் பயிற்சியைக் கவனிக்கச் சிகிச்சையாளர் அருகில் இருக்க மாட்டார். எனவே அவர் விரும்பிச் செய்யும் வேலைக்குள்ளேயே பயிற்சியைப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. வேலூர் முன்னோடி

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் பணியை 1948-இல் தொடங்கினார். விரல் நிமிர்ந்தவர்களுக்குப் பிச்சையும் குறைந்தது. வேலை கொடுப்பாரும் இல்லை. இதற்கு விடையாக 1951-இல் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் எழுந்தது. அங்கு நோயாளிகள் தச்சுவேலை கற்று மரப்பொம்மைகள் செய்தபோது, இடம் மாறிய தசைநாண் தன் புதிய வேலையைப் பழகியது, வருமானமும் வந்தது.

3. பிடிக்கேற்ற தேர்வு

(அ) நுனிப்பிடி: பூக்கட்டுதல், கோலமிடுதல், பல்லாங்குழி. பல்லாங்குழியில் காய்களை அள்ளி ஒவ்வொன்றாக இடும்போது, உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்குப் பொருளை நகர்த்தும் திறனும் வளரும்.

(ஆ) விரல் நீட்டல்: தேங்காய் நாரை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கயிறு திரித்தல், கேரம் சுண்டுதல்.

(இ) முழுப்பிடி: மரச்செதுக்கு. தீவுகளின் படாக் கடினமரம்; எனவே தொடக்கத்துக்கு மென்மரமும் பருத்த கைப்பிடியுள்ள உளியும் ஏற்றவை.

(ஈ) இருகை ஒத்திசைவு: வலை பின்னுதல். மீனவருக்கு இது பழகிய வேலை. கண்ணியின் அளவு ஒன்றுபோல் அமைவதே முன்னேற்றத்தைக் காட்டும்.

4. உணர்விழந்த கை

தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று பிராண்ட் காட்டினார். பட்டறைக் காயம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி, கருவிகளையும் பழக்கங்களையும் மாற்றினார். நரம்பு அறுந்தவருக்கும் இது பொருந்தும். வலைநூல் விரலை அறுக்கும். தாழை மடல் பின்னினால் அதன் முள் கிழிக்கும். உணர்வில்லாதவர் நூலிழுக்கும் விரலுக்கு உறை அணிந்து, வேலைக்கு முன்னும் பின்னும் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

5. முடிவு

முதல் சந்திப்பிலேயே நோயாளியின் கை முன்பு எதில் பழகியது என்று கேட்டறிந்து, அதிலிருந்தே பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தைத்த தசைநாண் பளு தாங்கும் நிலைக்கு வந்தபின் மருத்துவர் ஒப்புதலோடு தொடங்கலாம். மறுநாள் காலையிலும் வீக்கம் வடியாவிட்டால் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். இவ்விதிகளை எழுதிக் கையில் கொடுத்த பிறகே அவரைக் கப்பலேற்ற வேண்டும்.