வருஷத்துக்கு 16 குழந்தைகள்: முன்தோலை ஒரு டாக்டர் திரும்பிப் பார்த்த கதை

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயத்தைப் பத்தி வீட்ல யாரும் சத்தமா பேச மாட்டாங்க: சின்னப் பசங்களுக்கு டாக்டர்கள் செய்யும் விருத்தசேதனம். சுன்னத் போன்ற மத வழக்கங்கள் தனி. நாம பேசப் போறது, மருத்துவக் காரணம் சொல்லிச் செய்றதைப் பத்தி மட்டும்.

கதை 1870-ல், நியூயார்க்கில் ஆரம்பிக்குது. லூயிஸ் சேயர் என்ற எலும்பு மருத்துவரிடம், கால் சரியா வராத 5 வயசுப் பையனைக் கூட்டிட்டு வர்றாங்க. முன்தோல் இறுக்கம்தான் நரம்பைக் கெடுக்குதுன்னு முடிவு பண்ணி அதை வெட்டுறார். பையன் தேறிட்டான். உடனே அதையே காரணமா அறிவிச்சுட்டார். ஒப்பிட்டுப் பார்க்க யாருமில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை பரவுச்சு. வலிப்பு, படுக்கையில் சிறுநீர்னு எல்லாத்துக்கும் இதே மருந்து.

பிரிட்டனில் இது வசதியான குடும்பங்களின் பழக்கமாவும் ஆச்சு. பல்கலைக்கழக மாணவர்களில், பேர்போன தனியார் பள்ளிகளில் படிச்சவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு இது செய்யப்பட்டிருந்தது. சாதாரணப் பள்ளிகளில் படிச்சவங்கள்ல 50 சதவீதம். நோய், அப்பாவோட சம்பளத்தைப் பார்த்தா வரும்?

இந்தக் கணக்கை வெளியிட்டவர் டக்ளஸ் கெய்ர்ட்னர், கேம்பிரிட்ஜ் குழந்தை மருத்துவர். 1949 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். அவர் கேட்ட கேள்வி சிம்பிள்: முன்தோல் பின்னால் நகரலைன்னா அது நோய்னு சொல்றோமே, எந்த வயசில் நகரணும்?

பரிசோதிச்சுப் பார்த்தார். பிறந்த குழந்தைகளில் வெறும் 4 சதவீதம் பேருக்குத்தான் முழுசா நகர்ந்தது. 1 வயசில் 50 சதவீதம், 3 வயசில் 90. அதாவது, ஒட்டியிருப்பதுதான் பிறப்பின் இயல்பு. அது தானா பிரியும். நோய்னு நினைச்சு வெட்டினது வளர்ச்சியின் ஒரு கட்டம்.

அதுக்குக் கொடுத்த விலை? இங்கிலாந்து, வேல்ஸில் 1940-களில் இந்த அறுவை சிகிச்சையால் 5 வயசுக்குக் கீழே வருஷத்துக்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தாங்க. அவருக்குத் தெரிய வந்த மரணங்களில் பெரும்பாலானவை மயக்க மருந்தின்போது நடந்தவை. சிலது ரத்தப்போக்கு, கிருமித்தொற்று.

இந்தக் கட்டுரையாலதான் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இதைக் கைவிட்டுச்சுன்னு அடிக்கடி சொல்வாங்க. தேதியைப் பாருங்க: அந்தச் சேவை தொடங்கியது 1948 ஜூலை. கட்டுரை ஒன்றரை வருஷம் கழிச்சு வருது. ஏற்கெனவே குறைஞ்சுட்டிருந்த பழக்கத்துக்கு அது ஆதாரம் கொடுத்துச்சு, அவ்வளவுதான்.

கெய்ர்ட்னர் கணக்கும் இறுதியில்லை. 1968-ல் டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர், பள்ளிப் பசங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தார். இறுக்கம் 6-7 வயசில் 8 சதவீதம், 16-17 வயசில் 1 சதவீதம். கெய்ர்ட்னர் நினைச்சதைவிட மெதுவாத்தான் இயல்பு நடக்குது.

அப்போ அறுவை சிகிச்சையே வேண்டாமா? அப்படியில்லை. முன்தோல் நுனி வெளுத்துத் தழும்பாகி இறுகினா, சிறுநீர் போக முடியலைன்னா, திரும்பத் திரும்ப சீழ் வந்தா டாக்டர்கிட்ட போயே ஆகணும். சாதாரண இறுக்கத்துக்கு முதலில் ஸ்டீராய்டு களிம்பு முயற்சி பண்றாங்க. வலுக்கட்டாயமா மட்டும் இழுக்காதீங்க. அந்தக் காயமே தழும்பாகி நிஜ இறுக்கத்தைக் கொண்டு வரலாம்.

யாராவது "வெட்டிடலாம்"னு சொன்னா, கெய்ர்ட்னர் கேட்டதையே கேளுங்க: "டாக்டர், இந்த வயசுக்கு இது இயல்புதானா?"