கேளாமற் கட்டிய அணையும் கேட்டுக் கட்டிய அணையும்

மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் வற்றுங் காலங்களில் பழைய மஸ்கெலியா நகரத்தின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்று எழுந்து நிற்கும் அக்காட்சியைக் காண ஊர் திரளும். 1969இல் அவ்வணை எழுந்தபோது கடைத்தெருவோடும் வழிபாட்டிடங்களோடும் ஒரு நகரமே இடம்பெயர்ந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 1965இல், காசல்ரீ அணை முடிந்திருந்தது. மலையருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அக்கனவின் அருமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயின், அணை கட்டுமுன் அப்பள்ளத்தாக்கில் வாழ்வோரிடம் கேட்க வேண்டும் என்று விதித்த சட்டம் எதுவும் அன்று இந்நாட்டில் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை கேட்பதற்கே இடமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. நாடற்றவனிடம் நாட்டின் அணையைப் பற்றி யார் அபிப்பிராயம் கேட்பார்?

முன்கூட்டிய அனுமதி என்னும் கருத்து உலக அரங்கில் வலுப்பெற்றது அமெரிக்கா 1969இல் நிறைவேற்றிய தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டத்தின் பின்னரேயாகும். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகார சபையைத் தோற்றுவித்தது. எனினும் அனுமதியின்றிப் பெருந்திட்டங்களைத் தொடங்கலாகாது என்ற பல் அச்சட்டத்துக்கு முளைத்தது 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேதான். எவ்வெத் திட்டங்கள் அதற்குள் அடங்கும் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி வரையறுத்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களும், 100 குடும்பங்களுக்கு மேல் குடிபெயர்க்கும் திட்டங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. தாக்க மதிப்பீட்டறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; மும்மொழியிலும் அறிவித்தல் வெளிவரும்; 30 நாட்களுக்குள் எவரும் கருத்துரைக்கலாம்.

இச்சட்டத்துக்கு நேர்ந்த முதற் பெருஞ்சோதனைகளுள் ஒன்று தலவாக்கலையில் நிகழ்ந்தது. 150 மெகாவாட் வலுவுடைய மேல் கொத்மலைத் திட்டத்துக்கான அறிக்கையை இலங்கை மின்சார சபை 1994இல் சமர்ப்பித்தது. ஆற்றைச் சுரங்கத்துள் திருப்பினால் மலைநாட்டின் அருவிகள் வற்றும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதிகார சபை அனுமதி மறுத்தது! அரசாங்க நிறுவனமொன்றின் திட்டத்தை மற்றோர் அரசாங்க நிறுவனம் மறுத்த அச்செயல் அந்நாளில் எளிதானதன்று. மின்சார சபை அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்தது. 1998இல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. சுற்றாடல் இயக்கத்தினர் நீதிமன்றத்தை நாடினர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் நெடுநாள் எதிர்த்து நின்றது. 2002இல் ஜப்பானியக் கடன் உறுதியாயிற்று. 2006இல் வேலை தொடங்கி, 2012இல் நிலையம் இயங்கலாயிற்று.

இப்பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தை வீண் செலவென்று பழிப்போர் உளர். மின்வெட்டில் இருண்ட வகுப்பறைகளை நாமும் கண்டோம். அவர்கள் கூற்றை முற்றாகத் தள்ளுதல் நேர்மையாகாது. ஆயினும் அத்தாமதம் வாங்கித் தந்தது யாது? முதலிற் பல அருவிகளின் நீரையும் திரட்ட எண்ணிய திட்டம் சுருங்கிற்று. சென் கிளேயர் அருவியிற் பகற்பொழுதில் நீர் விடவேண்டும் என்ற நிபந்தனை பிறந்தது. இரவில் அருவி உறங்கலாம் போலும்! ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆனால் மஸ்கெலியாவைப் போலன்றி அவர்களுக்குரிய மாற்று வீடுகள் அனுமதிப் பத்திரத்தின் பேச்சுக்குள்ளே வந்தன.

குறை இல்லாமலில்லை. பொறியியற் கலைச்சொற்கள் நிறைந்த பெரும் அறிக்கையை அலுவலகத்துக்குச் சென்று 30 நாட்களுக்குள் படித்து எழுத்திலே பதிலிடல் வேண்டும். காலையிற் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறுபவளுக்கு அது எங்ஙனம் இயலும்? அருவிக்கு வாதாட நகரத்துக் கற்றோர் திரண்ட அளவுக்கு லயத்துக்கு வாதாட எவரும் திரளவில்லை என்பது என் துணிபு.

மலைநாட்டு மண் இவ்வனுமதியை வேறொரு வடிவிலும் கேட்கிறது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காட்டை வெட்டிச் சாய்த்த சரிவுகளில், யாருடைய ஒப்புதலும் பெறாது, லயங்கள் எழுந்தன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறவேண்டும் என்ற விதி 2011இல் வந்தது. புதிதாகக் கட்டுவோனையே அவ்விதி தடுக்கும். நூற்றாண்டுக்கு முன் கட்டப்பட்டதனுள் வாழ்பவன் என் செய்வான்? கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துச் சரிவு அபாயமானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. வெளியேறிச் செல்வதற்குத் தொழிலாளருக்கென்று ஓரடி நிலம் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. லயத்து மண் ஒருபோதும் அவர்களுடையதாகவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர் தப்பியோருக்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் 2016இற் கையளிக்கப்பட்டன.