கோபத்தை அளந்த கருவிகள்

அந்தப் பொம்மைக்குப் போபோ என்று பெயர். காற்றடைத்தது, அடிப்பாகத்தில் கனம் வைத்தது. குத்தினால் சாயும், சாய்ந்த வேகத்திலேயே நிமிர்ந்து நிற்கும். நம் தஞ்சாவூர் பொம்மையின் பெரிய உருவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை வைத்து ஆல்பர்ட் பாண்டுராவும் டொரத்தியா ராஸ், ஷீலா ராஸ் இருவரும் நடத்திய சோதனை 1961இல் வெளியானது. சில பிள்ளைகளின் கண்ணெதிரே பெரியவர் ஒருவர் பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், மூக்கில் குத்தினார். இன்னும் சிலர் பார்த்த பெரியவர் பொம்மையின் பக்கமே திரும்பாமல் வேறு சாமான்களை வைத்து விளையாடினார். மீதிப் பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாரையும் அருமையான பொம்மைகள் நிறைந்த ஓர் அறைக்குக் கூட்டிப்போய், ஆசையாக விளையாடத் தொடங்கியதும் “இதெல்லாம் வேறு பிள்ளைகளுக்கு” என்று பிடுங்கிக்கொண்டார்கள். அந்த எரிச்சலோடு போபோ இருந்த அறையில் கொண்டுபோய் விட்டு 20 நிமிடம் மறைந்திருந்து குறிப்பெடுத்தார்கள். அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதிகம் அடித்தார்கள். 1963இல் சினிமாவில் காட்டினாலும் அப்படியே நடக்கிறது என்று எழுதினார்கள்.

உளவியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பதுதான் என் வேலை. போபோ பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: “மேடம், அது அடிக்கிறதுக்குன்னே செஞ்ச பொம்மைதானே?” ஆமாம். அடிக்கத்தான் செய்தார்கள். அந்தக் கேள்வியைத் துறைக்குள்ளும் பலர் கேட்டிருக்கிறார்கள். வீடியோ கேம் பிள்ளைகளை வன்முறையாளர்களாக்குமா என்ற சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது. அதில் செனட்டர்களும் வழக்கறிஞர்களும் பேசிய அளவுக்கு, ஆய்வுக்கூட மேசையில் இருந்த கருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கோ அந்த வரலாறு முழுக்க அந்த மேசையில்தான் இருக்கிறது.

சண்டையைத் தொடங்கி வைத்தது 1976இல் கலிஃபோர்னியாவின் எக்ஸிடி நிறுவனம் விட்ட ‘டெத் ரேஸ்’. காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டி. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சி குச்சியாக உருவங்கள் ஓடும், ஸ்டீயரிங்கைத் திருப்பி அவற்றின் மேல் காரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஒரு கீச்சொலி கேட்கும், அந்த இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை முளைக்கும். ஓடுவது மனிதர்கள் அல்ல, பூதங்கள் என்று நிறுவனம் சொன்னது. ஆட்டம் உருவானபோது அதற்கு வைத்திருந்த பெயர் பாதசாரி என்ற பொருளில் ‘பெடெஸ்ட்ரியன்’. பத்திரிகைகள் கொதித்தன, பெட்டியும் நன்றாக விற்றது. 1982இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரான எவரெட் கூப், வீடியோ கேம்கள் பிள்ளைகளின் நடத்தையைக் கெடுக்கின்றன என்று பிட்ஸ்பர்க் கூட்டமொன்றில் பேசினார். உடனடியாக, அது தன் சொந்தக் கருத்து, அறிவியல் ஆதாரம் ஏதும் இல்லை என்று விளக்கமும் தந்தார். விளக்கம் யார் நினைவிலும் நிற்கவில்லை.

‘மார்ட்டல் காம்பாட்’ 1993 செப்டம்பரில் வீட்டு டிவிகளுக்கு வந்தது. தோற்றவன் முதுகெலும்பைத் தலையோடு உருவும் காட்சி இருந்த ஆட்டம். அந்த டிசம்பரில் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் செனட்டில் விசாரணை நடத்தினார்கள். அடுத்த ஆண்டே நிறுவனங்கள் தாமாக முன்வந்து வயது முத்திரை குத்தும் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. பெற்றோர் கையில் ஒரு தகவல் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த ஐம்பதாண்டுச் சண்டையில் உருப்படியாக விளைந்தது அது ஒன்றுதான்.

1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் ‘டூம்’ என்ற வீடியோ கேம் ஆடியவர்கள். நாடே ஒரு பதிலுக்காகத் தவித்த அந்த நேரத்தில், 2000இல், கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் கல்லூரி மாணவர்கள் 210 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நாஜிக் கோட்டைக்குள் சுட்டுக்கொண்டே ஓடும் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ ஆடவைத்தார்கள். மறு பாதிக்கு, ஆளில்லாத தீவில் புதிர்களை அவிழ்த்தபடி மெல்ல நடக்கும் ‘மிஸ்ட்’.

ஆடி முடித்தவர்களின் மூர்க்கத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. 1967இல் ஸ்டூவர்ட் டெய்லர் என்பவர் ஒரு முறையை உண்டாக்கியிருந்தார். பக்கத்து அறையில் உங்களுக்கு ஒரு போட்டியாளர் இருக்கிறார் என்பார்கள். சைகை வந்ததும் யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார் என்பது போட்டி. தோற்றவருக்கு, வென்றவர் முன்கூட்டியே குறித்து வைத்த அளவு மின்னதிர்ச்சி. உண்மையில் பக்கத்து அறையில் யாரும் கிடையாது, வெற்றி தோல்வியும் முன்பே எழுதி வைத்ததுதான். பிற்காலத்தில் மின்னதிர்ச்சி போய், காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் இரைச்சல் வந்தது. எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் இரைச்சல் விடுகிறார் என்பதே அவருடைய மூர்க்கத்தின் அளவு.

ஆண்டர்சனும் டில்லும் கண்டது என்ன? தங்கள் காதில் இரைச்சல் விழுந்த கையோடு எதிராளிக்குக் குறித்த நேரம், சுட்டு ஆடியவர்களிடம் சற்று நீண்டிருந்தது. இரைச்சலின் உரப்பில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. இல்லாத ஒருவருக்கு ஒரு நொடியின் சிறு துணுக்கு அளவு கூடுதல் சத்தம். அந்தச் சத்தத்திலிருந்து கொலம்பைன் பள்ளி நூலகம் வரைக்கும் ஒரு பாலம் கட்டப்பட்டது. அந்தக் கட்டுரையும் கொலம்பைனைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. செய்முறைக்காரிக்குத் தெரிந்த முதல் ஒழுக்கம், கருவி காட்டியதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது என்பது.

ஜெர்மானிய ஆய்வாளர் மால்ட்டே எல்சன் பின்னாளில் இந்த இரைச்சல் முறையைப் பயன்படுத்திய கட்டுரைகளை எல்லாம் தேடித் தொகுத்தார். ஒரே முறை தந்த எண்களைக் கூட்டியும், பெருக்கியும், முதல் சுற்றை மட்டும் எடுத்தும், சராசரி போட்டும் 150க்கும் மேற்பட்ட விதங்களில் ‘மூர்க்க மதிப்பெண்’ கணக்கிட்டிருந்தார்கள். இத்தனை வழிகள் திறந்திருந்தால் வேண்டிய விடைக்கு ஏதோ ஒரு வழி கொண்டுபோய்ச் சேர்க்கும். என் மாணவர்கள் இப்படி ஒரு ரெக்கார்டு நோட்டு கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொரு கருவி மிளகாய்ச் சாறு. 1999இல் அறிமுகமானது. அடுத்த அறையில் இருப்பவருக்குக் காரம் ஆகாது, ஆனால் நீங்கள் கொடுப்பதை அவர் முழுக்கச் சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லி, ஒரு கோப்பையில் காரச் சாற்றை ஊற்றச் சொல்வார்கள். பிறகு கோப்பையை எடை போடுவார்கள். எத்தனை கிராமோ அத்தனை மூர்க்கம். கேட்க விளையாட்டாக இருந்தாலும் இரைச்சலைவிட நேர்மையான கருவி என்றே நினைக்கிறேன். எடைக்கு நூற்றைம்பது கணக்கு கிடையாது.

இந்தக் காரச் சாற்றைக் கொண்டு 2011இல் கனடாவின் பால் அடாச்சியும் டீனா வில்லோபியும் செய்த சோதனையை நான் விரும்பிப் பாடம் நடத்துவேன். நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். எதிராளியோடு மோதும் மார்ட்டல் காம்பாட் ஒன்று. ரத்தமே இல்லாத ‘ஃபியூவல்’ என்ற கார் பந்தயம் ஒன்று. கூட்டாளிகளோடு சேர்ந்து நடைபிணங்களைச் சுட்டுத் தள்ளும் ‘லெஃப்ட் 4 டெட் 2’. கோலி உருட்டும் ஆட்டம் ஒன்று. அதிகக் காரம் ஊற்றியவர்கள் யார் தெரியுமா? மார்ட்டல் காம்பாட் ஆடியவர்களும், கார் பந்தயம் ஓட்டியவர்களும். பிணங்களைச் சுட்டுக் குவித்தவர்கள் அவர்களைவிடக் குறைவாகவே ஊற்றினார்கள். ரத்தத்தைவிடப் போட்டிதான் ஆளைச் சூடேற்றுகிறது என்று அந்தக் கோப்பைகள் சொல்லின.

இதைப் படித்த பிறகு பெற்றோர் பேசுவதை என் காது வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார். “மேடம், நீங்க சைக்காலஜி சொல்லிக் குடுக்கறவங்கதானே? என் பையன் விடிய விடிய ஃப்ரீ ஃபயர் ஆடறான். தோத்துட்டா போனைத் தூக்கி எறியறான். பின்னால கத்தி கித்தி எடுத்துருவானோன்னு பயமா இருக்கு.” கேரம் ஆடும்போது எப்படி என்று கேட்டேன். “ஐயோ, அதுலயும் தோத்தா போர்டைக் கவுத்துருவான்!” என்றார். எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றேன். ரெண்டாகும், மூணாகும் என்றார். பையனுடைய அப்பா வேலைக்குப் போன ஊரிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்திய கதை அதற்குப் பிறகு வந்தது. நாங்கள் அன்று அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. வன்முறை ஆட்டங்களைச் சிறுவருக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று கலிஃபோர்னியா 2005இல் சட்டம் போட்டிருந்தது. 2011 ஜூனில் நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா ஆய்வுகளையும் படித்திருந்தார். அவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை என்றார். பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்த்தாலும், துப்பாக்கியின் படம் ஒன்றைப் பார்த்தாலும் இதே விளைவு வருகிறது என்று ஆண்டர்சனே சாட்சியம் அளித்திருந்ததையும் எடுத்துக் காட்டினார். துறைக்குள் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு நீதிபதி செய்தார்.

எதிர்த் தரப்பை மறைத்துவிட்டுப் பேசவும் எனக்கு மனமில்லை. 2018இல் 17,000க்கும் மேற்பட்டவர்களைப் பல மாதங்கள், ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, வன்முறை ஆட்டம் ஆடுவோரிடம் அடிதடி சற்றே கூடியிருந்தது தெரிந்தது. அளவு சிறியது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை ஆராய்ந்தார்கள். எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டுத் தொடங்கினார்கள். பிள்ளையின் மூர்க்கத்தைப் பிள்ளையிடம் கேட்காமல் பெற்றோரிடம் கேட்டார்கள். ஆட்டத்திற்கும் மூர்க்கத்திற்கும் தொடர்பு தென்படவில்லை. 150 வழிகளையும் அடைத்துவிட்டுச் செய்த ஆய்வு என்பதால் அதன் பக்கம் என் மனம் சாய்கிறது.

அது வெளியாகி ஆறு மாதத்தில், 2019 ஆகஸ்டில், அமெரிக்காவின் எல் பாசோவிலும் டேட்டனிலும் அடுத்தடுத்துத் துப்பாக்கிச் சூடு. அதிபர் டிரம்ப் வீடியோ கேம்களைக் குற்றம் சொன்னார். எல் பாசோ கொலைகள் நடந்தது ஒரு வால்மார்ட் கடையில். அந்நிறுவனம் தன் கடைகளில் வன்முறை ஆட்டங்களின் விளம்பரத் தட்டிகளை எடுக்கச் சொன்னது. துப்பாக்கி விற்பனை தொடர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை எந்த ஹெட்ஃபோனிலும் அளந்திருக்க முடியாது.

2020 மார்ச்சில் அமெரிக்க உளவியல் சங்கம் தன் பழைய தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டது. கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு இந்த ஆட்டங்களுக்குச் சிறு தொடர்பு உண்டு, கொலை போன்ற வன்முறையோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை, அப்படி இணைப்பது உண்மையான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்றது. அந்தத் தீர்மானத்தை அச்செடுத்து எங்கள் ஆய்வுக்கூடப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் முடிவு எழுதுவதற்கு முந்தைய வரியில், அளந்தது எது, எந்த அலகில் என்று எழுதாத பிள்ளைக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.