ஒரு ராத்தல் தானியம்

1877-ல் பஞ்ச நிவாரண வேலைக்குப் போன ஓர் ஆணுக்கு ஒரு நாள் கூலி: ஒரு ராத்தல் தானியத்துக்கான காசு, மேற்கொண்டு ஓர் அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ராத்தல் என்றால் ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டி, சுமந்து, கல் உடைத்துவிட்டு வாங்கும் கூலி அது. வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்று பெயர். தாது வருஷப் பஞ்சம் பற்றி நாவலாகவும் கட்டுரையாகவும் எதைப் படித்தாலும், கடைசியில் இந்த ஒரு ராத்தலில்தான் வந்து நிற்கிறேன்.

சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சத்தை முதன்முறை பார்க்கிறவர் இல்லை. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து ஜனங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். அங்கே பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, ‘இவ்வளவு செலவா?’ என்ற வசவு. மூன்று வருஷம் கழித்து வைஸ்ராய் லிட்டன் அவரை மதராஸுக்கு அனுப்புகிறார். இந்த முறை டெம்பிள் சிக்கனத்தை நிரூபித்தே தீருவது என்று வருகிறார். கூலி குறைகிறது, நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் யார் என்ற விதிகள் இறுகுகின்றன.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவனுக்கு இது கதையாகத் தெரியாது. போன வருஷம் நன்றாக வேலை செய்ததற்காகத் திட்டு வாங்கிய மேனேஜர், இந்த வருஷம் எதை அளந்து காட்டுவார் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். எதை அளக்கிறோமோ அதுதான் குறையும் அல்லது கூடும். டெம்பிள் அளந்தது செலவை. மதராஸின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் அளந்தது சாவை. உடலுழைப்பு செய்கிறவனுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், கூடவே காய்கறியும் பருப்பு போன்ற புரத உணவும் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். 1877-ல் கூலி கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் பிணங்கள் விழுந்துவிட்டிருந்தன. 1878-ல் பஞ்சம் ஓய்ந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

55 லட்சம். படித்துவிட்டு அடுத்த டேபுக்குப் போய்விடலாம். எண் அப்படித்தான், தலைக்குள் போகும், வயிற்றுக்குள் போகாது. இங்கேதான் புனைவு வருகிறது.

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 2013-ல் வந்தது. சென்னை ஐஸ் ஹவுஸில் நடக்கும் வேலைநிறுத்தமும் செங்கல்பட்டுப் பக்கத்துப் பஞ்சக் காட்சிகளும் அதில் எதிரெதிராக நிற்கின்றன. அந்தப் பனிக்கட்டிக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விற்றார். வால்டன் குளத்திலும் வெட்டினார்கள். தோரோ அதைப் பார்த்துவிட்டு, மதராஸ்காரர்களும் தன் கிணற்றில் தண்ணீர் குடிப்பதாகக் கற்பனை செய்து எழுதினார். அழகான கற்பனைதான். ஆனா மெரினாவில் அந்தப் பனியை இறக்கிச் சுமந்தவன் தோரோவின் கண்ணில் படவில்லை. நாவல் அவனைக் காட்டுகிறது. துரைமாரின் கோப்பைக்கு ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பனிக்கட்டி வந்து சேர்கிறது, செங்கல்பட்டுக்குச் சோறு வந்து சேரவில்லை. எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

நாவல் மீது ஒரு கேள்வி உண்டு. ஏன் எல்லாவற்றையும் ஏய்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கண் வழியாகப் பார்க்க வேண்டும்? நம்ம சாவுக்கு அவன் மனசாட்சிதான் சாட்சியா? பதில் நாவலுக்குள்ளேயே பாதி இருக்கிறது. அவன் ஐரிஷ்காரன். 1845 முதல் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாட்டுக்காரன். பஞ்சத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடியவன். இன்னொரு பாதி காத்தவராயன் என்ற பாத்திரம். அயோத்திதாச பண்டிதரின் இயற்பெயர் அது. அவர் பேசும் இடங்களில் ஏய்டன் கேட்பவனாக மட்டும் ஆகிறான். அந்தப் பக்கங்கள்தான் எனக்கு நாவலின் உச்சம். இருந்தாலும் கேள்வி முழுசாகத் தீரவில்லை. முகாமில் கூலி வாங்கியவளின் பக்கமிருந்து எழுதப்பட்ட நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ தாது வருஷத்தை மதுரைத் தெருக்களுக்கே கொண்டுவருகிறது, ஆனால் அது பல நூற்றாண்டுகளின் கதை. பஞ்சம் அதில் ஒரு பகுதிதான்.

கட்டுரை வேறு வழியில் போகிறது. ராய் மாக்ஸமின் ‘உப்பு வேலி’ (தமிழில் சிறில் அலெக்ஸ்) பழைய புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில் தொடங்குகிறது. உப்பு வரிக்காக இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலி வளர்த்தார்கள் என்று அதில் இருக்கிறது. 1869-ல் அந்தச் சுங்கக் கோட்டின் நீளம் 2,300 மைல், காவலுக்குச் சுமார் 12,000 பேர். மாக்ஸம் அதை நம்பாமல் வரைபடம் தேடுகிறார், இந்தியா வருகிறார், வெயிலில் அலைகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார், மறுபடி வருகிறார். கண்டுபிடிப்பைவிட அந்தத் தேடல்தான் என்னைக் கட்டிப்போட்டது. ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று ஒவ்வொரு அடியிலும் காட்டுகிற எழுத்து. நாவலுக்கு அந்தக் கடமை இல்லை. காத்தவராயன் என்ன பேசினார் என்பதற்கு அது ஆவணம் காட்ட வேண்டாம்.

அதனால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாவலை மட்டும் படித்தால் கோபம் வருகிறது, ஆனால் யார் மீது என்பது மங்கலாக இருக்கும். ‘வெள்ளைக்காரன்’ என்று பொதுவாகத் திட்டிவிட்டு எழுந்துவிடலாம். அப்படித் திட்டினால் கார்னிஷும் அதில் அடங்கிவிடுவார், நாவல் காட்டும் நம்மூர் சாதி கணக்கிலேயே வராது. கட்டுரையை மட்டும் படித்தால் யார், எப்போது, எந்த உத்தரவு என்பதெல்லாம் தெரியும், தூக்கம் கெடாது.

நம்மில் பலருக்கு வரலாற்று நாவல் என்றால் இன்னும் குதிரையும் அரண்மனையும்தான். அதில் தப்பில்லை, நானும் விரும்பிப் படித்தவன்தான். ஆனால் அரசர்கள் காணாமல் போன பிறகு வந்த கொடுமைகளுக்கு வாள் தேவைப்படவில்லை, ஒரு தராசும் ஓர் உத்தரவும் போதுமாக இருந்தன. அடுத்தமுறை வரலாற்றுப் புனைவு எதையாவது கையில் எடுத்தால், அதில் தராசு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்க. எதிர்த்தட்டில் நிற்பவருக்கு ஒரு பெயராவது கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்க.